அதிரப்பள்ளி ஜீப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சாலக்குடி ரயில்வே ஸ்டேஷன் வாசலில், "அருவி அடிவாரம் வரை ஜீப், கைடு, எல்லா டிக்கெட்டும் சேர்த்து" என்று நல்ல தமிழில் பேசிக்கொண்டு யாராவது வந்தால் நிற்காமல் நகர்ந்துவிடுங்கள். அப்படி வந்த ஒரு ஏஜென்ட் எங்கள் நாலு பேருக்கு 4,800 ரூபாய் வாங்கினார். அம்மாவுக்கு மூட்டு வலி, படி இறங்க முடியாது, ஜீப் கீழே வரை போகும் என்று அடித்துச் சொன்னதால்தான் பணமே கொடுத்தோம்.

ஜீப் கீழே போகவே போகாது. கவுண்டரில் டிக்கெட் எடுத்த எவரும் நடந்து இறங்கும் கல் பாவிய சரிவுதான் அது, அதற்கு எதற்கு கைடு? கைடு என்று வந்த பையனும் பாதி வழியில் போன் வந்ததும் ஆளைக் காணோம். அம்மா மேலேயே உட்கார்ந்து, பையைப் பிடுங்க வந்த குரங்குகளைக் குடையால் விரட்டிக்கொண்டிருந்தார். ஏஜென்ட் காட்டிய படமோ ஜூலை மாதத்து வெள்ளம், நாங்கள் போனது மார்ச்சில். மேலே பெரிங்கல்குத்து அணை இருக்கிறது, கோடையில் அங்கிருந்து திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்துதான் அருவி. ஆனாலும் 80 அடி உயரத்திலிருந்து விழுவதைக் கீழே நின்று பார்த்தால் சட்டை நனைகிறது, அருவியைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் அதே ஆற்றில் இன்னும் மேலே இருக்கும் வாழச்சால் அருவி. அங்கே தனி டிக்கெட், தலைக்கு நூறு என்று மறுபடி கை நீட்டினார். கொடுத்தோம். வாசலில் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டியது காலையில் அதிரப்பள்ளியில் வாங்கிய அதே சீட்டு! ஒரே டிக்கெட்டில் இரண்டு இடமும் பார்க்கலாம். கேட்டால், "அது வேற சாரே" என்று சிரிப்பு.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மளுக்கப்பாறை வரை காட்டுக்குள் கூட்டிப்போவதாகவும் பேச்சு. வாழச்சால் செக்போஸ்ட் பக்கம் வந்ததும், யானை இறங்கியிருக்கிறது, ரோட்டை அடைத்துவிட்டார்கள் என்றார். சொல்லி முடிக்கவில்லை, எங்கள் கண்ணெதிரே கேரள அரசு பஸ் ஒன்று உள்ளே போகிறது, பின்னாலேயே கோயம்புத்தூர் நம்பர் கார் ஒன்று நின்று வண்டி எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறது. பாக்கிப் பணத்தைக் கேட்டதற்கு டீசலுக்கே பத்தவில்லையாம். ரசீது என்று கொடுத்தது ஹோட்டல் பில்லின் பின்பக்கம், ஜிபேயில் வந்த பெயரும் அவர் சொன்ன பெயரும் வேறு வேறு. ஊருக்கு வந்து கூப்பிட்டால் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

சாலக்குடியிலிருந்து அதிரப்பள்ளி சுமார் 30 கிலோமீட்டர்தான், பஸ் இருக்கிறது. டாக்சி எடுத்தாலும் வாடகை மட்டும் பேசுங்கள், டிக்கெட்டை நீங்களே கவுண்டரில் எடுத்து உங்கள் கையிலேயே வைத்திருங்கள், வாழச்சாலில் கேட்பார்கள்.