மெக்மாஸ்டர் ஸ்லைடு: சேவல் கொண்டை ஆய்வுக்கு இது போதுமா?

கொண்டை செக்கச்செவேலென்று இருக்கும் சேவலுக்கு ஒட்டுண்ணித் தொல்லை குறைவு, அதனால்தான் பெட்டை அதைத் தேர்ந்தெடுக்கிறது என்ற வாதத்துக்கு அடித்தளம் போட்டது பரிணாம உயிரியலாளர்கள் ஹாமில்டனும் ஜுக்கும் 1982-இல் எழுதிய கட்டுரை. அதைக் கோழியில் சோதிக்க நினைப்பவர்கள் முதலில் வாங்குவது, எச்சத்திலுள்ள புழு முட்டைகளை நுண்ணோக்கியில் எண்ண உதவும் இந்த மெக்மாஸ்டர் ஸ்லைடைத்தான். முட்டை எண்ண அருமையான கருவி. ஆனால் 'புழு உள்ள சேவல், இல்லாத சேவல்' என்று பிரிக்க இதை மட்டும் நம்பினால் ஆய்வே கெட்டுவிடும்.

இரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் 1 செ.மீ. சதுரக் கட்டம், 1.5 மி.மீ. ஆழம். கட்டத்துக்கு அடியில் நிற்பது 0.15 மி.லி. எச்சம் 2 கிராம் எடுத்து, 28 மி.லி. பூரித உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, கலக்கிக்கொண்டே பிப்பெட்டில் உறிஞ்சி அறைகளை நிரப்பவும். 5 நிமிடத்தில் முட்டைகள் மிதந்து மேல் தகட்டின் அடிப்பக்கம் சேரும். 100 மடங்கு பெருக்கத்தில் எண்ணி, இரு கட்டங்களின் கூட்டுத்தொகையை 50-ஆல் பெருக்கினால் கிராமுக்கு இத்தனை முட்டை என்று கிடைக்கும். ஃபோகஸைக் கட்டக் கோட்டில் வைக்கவும். கீழே இறக்கினால் குப்பைதான் தெரியும். கரைசலைக் கலக்காமல் வைத்துவிட்டு நடுவிலிருந்து உறிஞ்சினால், முட்டைகள் அதற்குள் மேலே போயிருக்கும். அதிக நேரம் விட்டால் உப்பு படிகமாகி எண்ணவே விடாது.

சிக்கல் அந்த 50-இல்தான். கிராமுக்கு உண்மையிலேயே 50 முட்டை இருந்தாலும் கட்டங்களுக்குள் சராசரியாக ஒன்றுதான் வரும். 100 தடவையில் சுமார் 37 தடவை பூஜ்யம். அந்தச் சேவல்கள் 'சுத்தமானவை' பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும், கொண்டைக்கும் புழுவுக்கும் உள்ள தொடர்பு மங்கிவிடும். ஒரே கரைசலை மூன்று முறை நிரப்பி எண்ணினால் பூஜ்யம் வரும் வாய்ப்பு 5 சதவீதமாகக் குறையும். அலுப்புதான், வேறு வழியில்லை.

இன்னொன்றை மூன்று முறை எண்ணினாலும் சரிசெய்ய முடியாது. கோழிக் குடலில் வாழும் உருளைப்புழுவான அஸ்காரிடியா கல்லி முட்டையிடத் தொடங்கவே பல வாரம் ஆகும். அதற்கு முன்பே இளம்புழு குடல் சுவரைப் புண்ணாக்கும். கொண்டை வெளுத்திருக்கும், ஸ்லைடிலோ ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்கு, அதன் முட்டையையும் ஹெட்டராகிஸ் என்ற இன்னொரு உருளைப்புழுவின் முட்டையையும் இந்தப் பெருக்கத்தில் பிரித்தறிவது கடினம்.

சிறு பறவைகளில் ஐசோஸ்போரா கோசிடியாவை (குடலில் வாழும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி) எண்ணுபவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். முட்டை போன்ற அதன் ஊசிஸ்ட்கள் பெரும்பாலும் பிற்பகலில்தான் வெளிவரும். காலை எச்சத்தை வைத்துக்கொண்டு, சிவப்பு, மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டை உடல் உறிஞ்சுவதைக் கெடுத்து இறகு நிறத்தை மங்கவைக்கும் ஒட்டுண்ணி இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. 0.2 கிராம்தான் கிடைத்தால் 2.8 மி.லி. கரைசல் போதும், பெருக்கும் எண் மாறாது. எச்சத்தின் வெள்ளைப் பகுதியை நீக்கிவிட்டு எடை போடவும், இல்லையென்றால் கணக்கு குறைத்துக் காட்டும்.

தட்டைப்புழு முட்டைகள் கனமானவை, உப்புக் கரைசலில் மிதக்காது. 1982 கட்டுரை நம்பியதோ இரத்த ஒட்டுண்ணித் தரவுகளை; அதற்குக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகப் பரப்பிய இரத்தப் பூச்சுதான் வேண்டும், இந்த ஸ்லைடு உதவாது. அக்ரிலிக் வகை வாங்கினால் அசிட்டோனால் துடைக்காதீர்கள், மங்கிவிடும். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.