1800எக்ஸ் வைத்திருக்கும் எடிட்டர்களுக்கு: சிப்பை மட்டும் மாற்றலாமா, மதர்போட்டையும் சேர்த்து மாற்றலாமா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கலியாணமும் சாமத்தியவீடும் எடிட் பண்ணுகிறவர்களில் கம்பியூட்டரில் ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ் சிப் (புரொசெசர்) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2017 மார்ச்சில் வந்தபோது அதுதான் ரைசனில் உச்சம்: 8 கோர், 16 திரெட். ஆனால் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதனால்தான் மாற்றும் பேச்சு.

விலை விசாரிக்க முதல், உங்கள் கமரா தரும் ஃபைல் என்ன வகை என்று பாருங்கள். முடிவு அதில்தான் தங்கியிருக்கிறது.

வழக்கமான 8 பிட் எச்.264 வீடியோ என்றால், பழைய போட்டிலேயே பொருந்தும் ரைசன் 7 5700எக்ஸ் சிப் போதும். அதே 8 கோர்தான். ஆனால் வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், சிப்பின் உள் நினைவகமான எல்3 கேஷ் 16 எம்பியிலிருந்து 32 ஆகிறது, மின்தேவை 95 வாட்டிலிருந்து 65க்கு இறங்குகிறது. நம்மூர் வெக்கையில் இந்தக் கடைசி விஷயம் பெரிய ஆறுதல். போட், ரேம், கூலர் எல்லாம் பழையதே. 1800எக்ஸ் காலத்து எக்ஸ்370, பி350 போட்களுக்கும் 2022இல் இதற்கான பயோஸ் (போட்டை எழுப்பும் மென்பொருள்) வரத் தொடங்கியது. உங்கள் மொடலுக்கு இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள்.

பயோஸ் ஏற்றும் வேலையைப் பழைய சிப் இருக்கும்போதே முடிக்க வேண்டும், அதுவும் யூபிஎஸ்ஸில். மாரிகாலத்தில் கரண்ட் வந்துவந்து போகும். பாதியில் நின்றால் போட் எழும்பாமலே போகலாம். கூலரைக் கழற்றுவதிலும் அவசரம் வேண்டாம். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சிப்புக்கும் கூலருக்கும் இடையிலுள்ள பேஸ்ட் இளகியதும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். நேரே மேலே இழுத்தால் சிப்பும் ஒட்டிக்கொண்டு வரும், பின்கள் வளையும்.

5700எக்ஸ்3டி என்ற இன்னொரு சிப் கேம் விளையாடுவோருக்கு. 96 எம்பி கேஷுக்கு எடிட்டிங்கில் காசு கொடுக்கத் தேவையில்லை.

கமரா 10 பிட் 4:2:2 எச்.265 (நிற விபரம் கூடிய, கனமான வீடியோ வகை) தருகிறதா? அங்கே 5700எக்ஸ் திணறும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்திய என்விடியா கிராபிக்ஸ் கார்டுகள் அந்த ஃபைலை டீகோட் செய்வதில்லை (விரித்துக் காட்டுவதில்லை), முழுச் சுமையும் சிப்பின் தலையில் விழும். இன்டெல் 12ஆம் தலைமுறை சிப்பின் உள் கிராபிக்ஸ் அதைச் சுலபமாகச் செய்யும். பழைய டிடிஆர்4 ரேம் பொருந்தும் போட்டாகத் தேடி எடுத்தால் இருக்கிற ரேமையே போடலாம். ஐ5 12400இல் 6 கோர்தான். கை தாங்கினால் ஐ7 12700 எடுங்கள், 12 கோர்.

ஏஎம்டியின் புதிய ஏஎம்5 வகைச் சிப்பும் போட்டும் இப்போது வேண்டாம் என்பேன். போட்டுடன் டிடிஆர்5 ரேமும் வாங்க வேண்டும், அதன் விலையோ 2025 கடைசியில் ஏறிவிட்டது. அவ்வளவு கொடுத்தும், அந்தச் சிப்களின் உள் கிராபிக்ஸ் 4:2:2ஐ டீகோட் செய்யாது.

இரண்டு வகை ஃபைலும் கைக்கு வருகிறதென்றால் இன்டெல் பக்கமே போங்கள். கம்பியூட்டர் கடைகள் உள்ள கொழும்பு யூனிட்டி பிளாசாவில் இருந்து எடுப்பித்தாலும், சிப் பெயரின் முடிவில் ‘எஃப்’ இல்லை என்பதைக் காசு கட்ட முதல் உறுதிப்படுத்துங்கள். ‘எஃப்’ உள்ளதில் உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது.