சீந்தில்னு சொல்லி வேற கொடியை வித்துட்டாங்க, வாங்குறவங்க தண்டைப் பாருங்க

போன வருஷம் ஆடியில மதுரையில ரோட்டோரம் இருக்கிற ஒரு நர்சரியில சீந்தில் கன்னு வாங்குனேன், பை 120 ரூபா. சீந்தில்தானேன்னு ரெண்டு தடவை கேட்டேன். "அமிர்தவல்லிதாண்ணே, சுகருக்கு நாங்களே வீட்ல குடிக்கிறோம்"னாங்க. இலை இதய வடிவத்துல இருந்துச்சு, எனக்கும் அதுக்கு மேல தெரியாது. வீட்டுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில வச்சேன், வேம்புல ஏறுன சீந்திலுக்குத்தான் குணம் அதிகம்னு அம்மா சொல்வாங்க.

கொடி மளமளன்னு ஏறிடுச்சு. மாசியில இருந்து அம்மா தினமும் காலையில விரல் நீளத் தண்டை இடிச்சு கொதிக்க வச்சு குடிச்சாங்க. முதல் நாளே "என்னடா இம்புட்டு கசப்பு, எங்க ஊரு வேலியில கெடக்கிற சீந்தில் இப்படி நாக்கைப் புடிக்காதே"ன்னாங்க, நான்தான் மருந்துன்னா கசக்கத்தானம்மா செய்யும்னு சொல்லி குடிக்க வச்சேன், அதை நினைச்சா இன்னைக்கும் மனசு கேக்கல. மூணாவது வாரம் சோறு இறங்கல, வாந்தி, சிறுநீர் எண்ணெய் மாதிரி மஞ்சளா போச்சு. டெஸ்ட் எடுத்தா கல்லீரல் எஸ்ஜிபிடி 400ஐத் தாண்டியிருக்கு, சாதாரணமா 40, 50க்குள்ள இருக்கணும். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "நாட்டு மருந்து ஏதாச்சும் எடுத்தீங்களா"ன்னுதான். அன்னைக்கே நிறுத்துனோம், நார்மலுக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு.

மாமா ஊர்ல இருந்து அம்மாவைப் பாக்க வந்தப்ப கொடியைத் தடவிப் பாத்துட்டு "இது சீந்தில் இல்லப்பா"ன்னுட்டார். அப்புறம்தான் தெரிஞ்ச ஒரு தாவரவியல் பேராசிரியர்கிட்ட வெட்டி எடுத்துட்டுப் போனேன். அவர் அசல் சீந்தில் தண்டு ஒண்ணையும் பக்கத்துல வச்சுக் காட்டினார். சீந்தில் டினோஸ்போரா கார்டிஃபோலியா, என்கிட்ட இருந்தது டினோஸ்போரா கிரிஸ்பா, ரெண்டும் ஒரே பேரினம், இலையை மட்டும் பாத்தா யாருமே ஏமாந்துடுவாங்க. தண்டுலதான் விஷயம். அசல் சீந்தில்ல மேல்தோல் காகிதம் மாதிரி மெல்லிசா உரியும், உரிச்சா உள்ள பச்சையா இருக்கும், சின்னச் சின்னப் புள்ளி தெரியும், ஆனா கையில இடிக்காது. என் கொடியில விரலை ஓட்டுனா பாகற்காயைத் தடவுற மாதிரி வரிசையா முண்டு முண்டா சாம்பல் நிறத்துல இருந்துச்சு, வெட்டுன இடத்துல பால் மாதிரி கசிஞ்சுச்சு, அசல்ல அந்தப் பால் வராது. இளந்தண்டுல இந்த முண்டு தெரியாது, முத்த முத்தத்தான் வரும், கன்னு வாங்குறப்ப நான் கோட்டை விட்டது அங்கதான். அதனால தாய்க்கொடியைக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா வாங்காதீங்க. பழம் இருந்தா இன்னும் சுலபம், அசல்ல உருண்டையா செவப்பா கொத்தா இருக்கும், இதுல நீள்வாக்குல ஆரஞ்சு நிறத்துல இருக்கும். ரெண்டுமே மேல இருந்து நூல் மாதிரி வேரை இறக்கும், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

2021ல மும்பை டாக்டர்கள் சீந்தில் குடிச்சவங்களுக்கு கல்லீரல் பாதிப்புன்னு எழுதினப்ப, வேற செடி மாறியிருக்கலாம்னு ஆயுஷ் அமைச்சகம் சொன்னுச்சு, 2022ல இந்த ரெண்டு கொடிக்கும் உள்ள வித்தியாசத்தையும் வெளியிட்டாங்க. அதுக்காக அசல்னா பயமே இல்லன்னு நான் சொல்லல, சில வகைத் தைராய்டு, முடக்குவாதம் மாதிரி ஆட்டோ இம்யூன் பிரச்சனை (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குறது) இருக்கிறவங்க அசலையும் டாக்டரைக் கேக்காம தொட வேணாம்னு எங்க டாக்டர் கண்டிப்பா சொன்னார்.

நர்சரியில போய்க் கேட்டேன். "எல்லாம் சீந்தில் வகைதான் சார், இதுவரைக்கும் யாரும் கம்ப்ளைன்ட் பண்ணதில்ல"ன்னாங்க. 120 ரூபாயைத் திருப்பி நீட்டுனாங்க, அம்மா பட்ட பாட்டுக்கு இதை வாங்கிட்டு என்ன பண்ண, வேணாம்னுட்டேன். அதே பைங்க அன்னைக்கும் முன்னாடி வரிசையா இருந்துச்சு, சீந்தில்னு போர்டோட.

கொடியை வேரோட பிடுங்கி எரிச்சாச்சு, வெட்டிப் போட்டா துண்டுகூட துளிர்த்துடும். என் கவலை வேற. நல்லது பண்றதா நினைச்சு தை மாசம் மூணு வீட்டுக்கு துண்டு வெட்டிக் கொடுத்திருந்தேன். ரெண்டு வீட்ல போய் சொல்லி எடுத்தாச்சு. மூணாவது வீட்டுக்காரங்க தொட்டியோட வீடு மாறிப் போயிட்டாங்க, பழைய நம்பர் வேலை செய்யல. எங்க தெருவுல போன வருஷம் குடியிருந்தவங்க யாராச்சும் இதைப் படிச்சா, அந்தத் தொட்டிக் கொடியைக் குடிக்காதீங்க, எனக்கு ஒரு போன் போடுங்க.