முழங்கை பிரேஸும் இரண்டு போனும்: மூன்று வருடம் பாவித்துப் பார்த்தது

கல்லடிக் கடற்கரைப் பக்கம் பின்னேரங்களில் பொடியன்களுக்குக் கடினப்பந்து பழக்குகிறேன். சம்பளம் இல்லாத வேலை. 2022 ஓகஸ்டில் ஒரு மெட்ச். எங்கள் ஓஃப் ஸ்பின்னர், 16 வயது, இரண்டாவது ஓவர் போடும்போது பக்கவாட்டில், ஸ்குயார் லெக்கில் நின்ற அம்பயர் நோ போல் என்று கையை நீட்டினார். கால் கோட்டைத் தாண்டவே இல்லை. முழங்கையை மடித்து நிமிர்த்திப் பந்தை எறிகிறான் என்பதுதான் குற்றம். அடுத்த ஓவரில் இன்னொன்று. அத்தோடு அந்த இன்னிங்ஸில் அவன் இனிப் பந்து வீச முடியாது என்று கப்டனிடம் சொல்லிவிட்டார்கள். கிரிக்கெட் சட்டத்தின் 21ஆவது விதி அப்படித்தான்: முதல் தடவை நோ போலும் கடைசி எச்சரிக்கையும், இரண்டாம் தடவை பந்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அம்பயரில் பிழை இல்லை. ஒன்றரை வருடமாக என் கண் முன்னால் எறிந்துகொண்டிருந்தவனை "நல்லாச் சுழட்டுறான்" என்று பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

பொடியன் மூன்று கிழமை மைதானத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தகப்பன் கேட்டார்: "சேர், முரளியும் இப்படித்தானே போட்டவர், அவர விட்டாங்கதானே?"

இந்தக் கேள்வி எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் வரும். முத்தையா முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. மடிந்த கை மடிந்தபடியே வந்தால் அதில் குற்றம் இல்லை. தோள் மட்டத்துக்குக் கை வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும்வரை முழங்கை நிமிர்கிறதா என்பதுதான் கேள்வி. முன்பு ஐசிசி, அதாவது சர்வதேச கிரிக்கெட் சபை, முழங்கை நிமிரக்கூடிய அளவைச் சுழல்பந்துக்கு 5 பாகை, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 என்று வைத்திருந்தது. 2005இல் எல்லாருக்கும் 15 ஆக்கினார்கள். 1995இல் மெல்பேர்னில் முரளிக்கு ஏழு தடவை நோ போல் கொடுத்தது நடுவரின் வெறும் கண். அங்கேயே அப்படி என்றால், மெட்டிங் விரித்து விளையாடும் எங்கள் ஊர் அம்பயரிடம் என்ன இருக்கப்போகிறது? கண் மட்டும்தான். ஆகவே பொடியனின் கை கண்ணுக்கே சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் சாமான் தேடத் தொடங்கினேன்.

முதலில் வாங்கியது பிரேஸ். முழங்கை உடைந்து ஒப்பரேஷன் செய்தவர்களுக்குக் கட்டுவது. இரண்டு பக்கமும் உலோகத் தகடு, நடுவில் கீல், கீலின்மேல் பாகை எழுதிய வட்டம். வட்டத்தில் அளவை வைத்துப் பூட்டினால் கை அதற்கு மேல் மடங்காது. கொழும்பில் 14,500 ரூபாய் கொடுத்தேன். இந்த ஆசையைக் கிளப்பியதும் முரளிதான். 2004இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சி ஒன்றுக்காகக் கையில் உருக்கு வைத்த பிரேஸைக் கட்டிக்கொண்டு ஓஃப் ஸ்பின், டொப் ஸ்பின், தூஸ்ரா (ஓஃப் ஸ்பின் மாதிரியே வந்து மறுபக்கம் திரும்பும் பந்து) மூன்றையும் போட்டுக் காட்டியவர் அவர்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. பிரேஸோடு போட்ட பந்தெல்லாம் நேர்க் கை. கழற்றினால் பத்துப் பந்துக்குள் பழைய எறி. கையைப் பிரேஸ்தான் பிடித்துக்கொண்டிருந்தது, பொடியன் பிடிக்கவில்லை. முரளி அதைக் கட்டியது நிரூபிக்க, பழக அல்ல. எனக்கு இது விளங்க ஐந்து மாதம் எடுத்தது. இதற்கிடையில் வியர்வையில் பட்டி உரசி அவனுக்குக் கைமடிப்பெல்லாம் சிவந்துவிட்டது. கடல் உப்பும் மணலும் கீலுக்குள் போய் ஒவ்வொரு பந்துக்கும் கிறீச் என்றது. தேங்காயெண்ணெய் விட்டோம், அதில் மணல் இன்னும் ஒட்டியது.

அடுத்தது போன். பழைய போன் ஒன்றில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தது. சாதாரண வீடியோவில் கை தோள் மட்டத்திலிருந்து பந்தை விடும்வரை இரண்டு மூன்று படம்தான் விழும். முழங்கை என்ன செய்தது என்று அதில் ஒன்றும் தெரியாது. 240இல் அந்தத் துண்டுக்குள் இருபது படமளவு கிடைத்தது. தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, படத்தை லப்டொப்பில் நிறுத்தி, மகளின் கொம்பாஸ் பெட்டியிலிருந்த பாகைமானியைத் திரையில் வைத்து அளந்தேன். 22 பாகை! பொடியனுக்கு அதைச் சொல்லியும் விட்டேன். அடுத்த கிழமை நண்பரின் போனையும் வாங்கி, ஒன்று பக்கவாட்டிலும் ஒன்று பின்னாலும் வைத்து எடுத்தேன். ஒரே பந்து, ஒரு போனில் 19, மற்றதில் 9.

அன்றைக்குத்தான் பாகைமானியைத் திருப்பிக் கொடுத்தேன். பந்து போடும்போது தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட கை தன் அச்சிலேயே சுழல்கிறது. கொஞ்சம் மடிந்த கை சுழன்றாலே, தட்டையான ஒரு படத்தில் அது நிமிர்வது மாதிரித் தெரியும். இதனால்தான் சென்னை, பிரிஸ்பேன், லஃபரோ போன்ற இடங்களில் உள்ள ஐசிசி அங்கீகரித்த ஆய்வுகூடங்களில் தோலில் குறிகள் ஒட்டி, சுற்றிவரப் பல கெமரா வைத்து அளக்கிறார்கள். போனில் பாகை சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள், நானும் அதில் ஒருவனாக இருந்தவன்தான்.

போன் வேறு விதத்தில் உதவியது. அதே பொடியன், அதே இடம், அதே உயரத்தில் ட்ரைபொட், போன மாதமும் இந்த மாதமும். எண் வேண்டாம். தோள் மட்டப் படத்தையும் பந்து விடும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவனிடமே கொடுத்தால் போதும். நான் நூறு தடவை சொல்லியும் ஏற்காதவன், படத்தைப் பார்த்துவிட்டு "சேர், இது நானா?" என்றான்.

நான் விட்ட பெரிய பிழை இன்னொன்று இருக்கிறது. எப்போதும் பயிற்சியின் தொடக்கத்திலேயே வீடியோ எடுத்தேன். அப்போது எல்லார் கையும் சுத்தம். ஒருநாள் பற்றரி இறங்கிவிட்டதால் கடைசியில்தான் எடுக்க முடிந்தது. ஐந்தாவது ஓவரில், களைத்துப்போய், வேகமாக ஒரு பந்து போடப் பார்த்த இடத்தில், பழைய எறி அப்படியே வந்து நின்றது. அதற்குப் பிறகு கடைசி இரண்டு ஓவரும், யோர்க்கரும் (துடுப்பாட்டக்காரரின் காலடியில் விழும் பந்து), வேகப் பந்தும் மட்டும்தான் எடுக்கிறேன். மிச்சத்தை எடுத்துப் போனை நிரப்பி ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது சாமானுக்குக் காசே போகவில்லை. பழைய பத்திரிகை. இரண்டு தாளை மடித்து முழங்கையைச் சுற்றி, மேலும் கீழும் ரப்பர் பேண்ட். கை மடங்கினால் தாள் சரக்கென்று கசங்கும். பிரேஸ் மாதிரி இது கையைத் தடுக்காது, ஆனால் மடங்கியதை அந்தக் கணமே அவன் காதுக்குச் சொல்லிவிடும். தாளைக் கசக்காமல் ஒரு ஓவர் போட்டால் ஒரு ஐஸ்பழம் என்று பந்தயம் வைத்தேன். சின்னப் பொடியன்கள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். 14,500 ரூபாய்ச் சாமான் செய்யாததை இது செய்தது. மழைக்காலத்தில் தாள் நனைந்து சத்தம் போகும், அதுதான் ஒரே குறை.

ஆனால் உண்மையான திருத்தம் முழங்கைக்கு வெளியே இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தொடங்குவதே மென்பந்தில். வேலிக்கும் வேலிக்கும் இடையில் ஒழுங்கைக்குள் இரண்டு காலடி ஓடிவந்து போடுவார்கள். பந்தில் பாரம் இல்லை, ஓட வழியும் இல்லை. வேகம் வேண்டுமென்றால் முழங்கையைத்தான் சுண்ட வேண்டும். அது ஆறேழு வருடம் ஊறிய பிறகு கடினப்பந்தைக் கொடுத்துவிட்டு "நேராப் போடு" என்றால் நடக்குமா? அந்தப் பொடியன் நாலு காலடி ஓடிவந்து கோட்டில் நின்று போடுபவன். அதை எட்டுக் காலடி ஆக்கி, உடம்பு பந்துக்குப் பின்னால் போக விட்டோம். இரண்டு மாதத்தில் கை தானாக நீண்டது. தூஸ்ராவை மட்டும் நான் கண்டிப்பாக நிறுத்தினேன். 2004இல் முரளியின் தூஸ்ராவே அப்போதைய 5 பாகையைத் தாண்டுகிறது என்று அளந்தார்கள், இவனுக்கு எதற்கு?

இன்னொன்று: திருத்தியது திரும்பி வரும். இலங்கைச் சுழல்பந்து வீச்சாளர் அகில தனஞ்சயவை எறிகிறார் என்று 2018 டிசம்பரில் பந்து வீசவிடாமல் நிறுத்தினார்கள், 2019 பெப்ரவரியில் அனுமதித்தார்கள், அதே வருடம் செப்டெம்பரில் 12 மாதத் தடை. ஆய்வுகூடமும் பயிற்சியாளர்களும் இருக்கும் இடத்திலேயே அப்படி. அதனால் பொடியன் சரியாகிவிட்டான் என்று விடவில்லை, மாதம் ஒருமுறை கடைசி ஓவர் வீடியோ இன்றைக்கும் உண்டு. போன மாதம் நான் மறந்துவிட்டேன். அவனே ட்ரைபொட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

பிரேஸ் இப்போது எங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம். கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டவர், டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அதே சாமான்தான். கிறீச் சத்தம் மட்டும் இன்னும் போகவில்லையாம்.