கடல் மீன் தொட்டியின் நீரோட்டம்: உருளை வேவ்மேக்கரா, விசிறி வேவ்மேக்கரா?

நான்கடி நீளமும் சுமார் 300 லிட்டர் கொள்ளளவும் உள்ள என் பவளத் தொட்டியில் முதல் ஒன்றரை ஆண்டுகள் ஜைர் எனப்படும் உருளை வகை வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் கருவி) ஒன்று ஓடியது. இப்போது அதன் இடத்தில் விசிறி வகை இரண்டு ஓடுகின்றன. இந்த மாற்றத்துக்குக் காரணம் ஓட்டத்தின் தரமன்று. கழற்றிக் கழுவும் வேலை.

சம்ப் எனும் வடிகட்டும் தொட்டியிலிருந்து நீரைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் மட்டும் நீரோட்டத்துக்குப் போதாது என்பதைத் தொட்டி வைத்திருப்போர் அறிவார்கள். மணிக்கு மூன்று முதல் ஐந்து முறை நீர் சம்ப்புக்குள் சென்று வந்தால் வடிகட்டலுக்குப் போதும். மென்பவளங்களுக்கோ மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல் பத்து முதல் இருபது மடங்கும், அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்கு முப்பது மடங்குக்கு மேலும் ஓட்டம் வேண்டும் என்பதே வளர்ப்போரின் பொதுவான கணக்கு.

ஓட்டத்தை மட்டும் பார்த்தால் உருளை வகையே மேல். அது நீரை அகலமான தகடுபோலத் தள்ளுகிறது. அந்த நீர் எதிர்க் கண்ணாடியில் மோதி அடிவழியாகத் திரும்புவதால் பாறைகளின் பின்புறத்திலும் கழிவு தங்குவதில்லை. விசிறி வகையின் ஓட்டம் கூம்பாக விரிவதால், ஒன்றை மட்டும் வைத்தால் ஏதேனும் ஒரு மூலை தேங்கிவிடும். இரண்டை எதிரெதிரே வைத்து, மாறி மாறி வேகம் கூடிக் குறையுமாறு அமைத்தபின் அந்தக் குறை பெரிதும் நீங்கியது.

ஆனால், கால்சியமும் காரத்தன்மையும் உயர்த்தி வைக்கப்பட்ட நீரில், சூடேறும் மோட்டாரின் மேல்தான் சுண்ணாம்பு முதலில் படிகிறது. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போன்ற அந்த வெள்ளைக் காரையின் மேல் ஊதா நிறக் கோரலைன் பாசியும் சேர்ந்துகொள்ளும். என் உருளைக் கருவியைக் கழுவ, கூண்டைப் பிரித்து, சுழலியை உருவி, முனையிலுள்ள சிறிய புஷ்ஷைத் தேடியெடுத்து, எல்லாவற்றையும் பாதிக்குப் பாதி நீர் கலந்த வினிகரில் ஊறவைத்து, கூண்டின் ஒவ்வொரு இடுக்கையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டியிருந்தது. ஊறும் நேரம் போக முக்கால் மணி நேரம் பிடிக்கும் வேலை என்பதால் அதைத் தள்ளிப்போட்டேன். ஓட்டம் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் தளர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. மணல்மேல் செந்நிறச் சயனோ பாக்டீரியா படலம் விரித்த பிறகே எனக்கு உறைத்தது. விசிறி வகையில் முன்மூடியைத் திருகி, இம்பெல்லரை (சுழலும் விசிறியை) இழுத்தால் வேலை பாதி முடிந்தது. பத்து நிமிடத்தில் முடிவதால் மாதந்தோறும் தவறாமல் செய்கிறேன்.

இரண்டு கருவிகள் இருப்பதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனையே லிட்டருக்குக் கொள்ளும், நன்னீரோ 8.2 மில்லிகிராமுக்கு மேல் கொள்ளும். இரவில் ஒன்று நின்றாலும் மற்றது மேற்பரப்பைக் கலக்கி, காற்றின் ஆக்சிஜன் நீரில் கரைய உதவிக்கொண்டிருக்கும்.

தொட்டியில் துளையிட்டு வெளியே பம்ப் வைக்கும் குளோஸ்டு லூப்பை நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி. தொட்டிக்குள் கருவியே தெரியாத அழகு அதற்கு உண்டு. ஆனால் அடித்துளையின் குழாய் இணைப்பு விட்டுப்போனால் தொட்டியே வடிந்துவிடும் என்பதால் நான் துணியவில்லை. ஆறடிக்கு மேற்பட்ட தொட்டிகளில் எனக்குப் பழக்கமில்லை. அந்த நீளத்தில் உருளை வகையின் வீச்சு, கழுவும் சிரமத்தையும் பொறுத்துக்கொள்ளச் செய்யலாம்.