"சீல் மாத்தியாச்சு சார்" என்றார்கள், கழற்றிப் பார்த்தேன்

பெரம்பூரில் எங்கள் வீட்டு கேட்டுக்குள் கார் நிற்கிற இடமும் அம்மா கோலம் போடுகிற இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே ஒரு நாள் காலையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஆயில் பொட்டு. வீட்டில் சும்மா விடுவார்களா? பழைய ஆல்டோவை அன்றைக்கே பக்கத்து ஷெட்டில் விட்டேன்.

கிராங்க் முன்பக்க ஆயில் சீல் போய்விட்டது, டைமிங் பெல்ட்டும் ஆயிலில் ஊறிவிட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார் ஷெட்காரர். அதில் பொய் இல்லை. கிராங்க் என்பது என்ஜினுக்குள் சுற்றுகிற தண்டு. அது வெளியே வருகிற இடத்தில் ஆயில் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் வளையம்தான் சீல். கிராங்க்கோடு வால்வுகளும் சரியான நேரத்தில் இயங்க வைப்பது டைமிங் பெல்ட். அந்த சீல் பெல்ட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆயில் குடித்த பெல்ட் உப்பி, பல் பிய்ந்துவிடும். மறுநாள் மாலை, "எல்லாம் புதுசு போட்டாச்சு சார்" என்று சாவியைக் கொடுத்தார். 4,600 ரூபாய். துண்டுச்சீட்டில் 'ஆயில் சீல் வேலை' என்று மட்டும் இருந்தது. பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். "குப்பையில போயிடுச்சு சார்." நானும் விட்டுவிட்டேன். ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

பதினாறாம் நாள் மறுபடியும் பொட்டு. "இது பின்பக்க சீல் சார். கியர்பாக்ஸ இறக்கணும், பன்னெண்டாயிரம் ஆகும்." பின்பக்க சீலுக்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது ஒழுகினால் என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஈரம் தெரியும். வீட்டுக்கு வந்து என்ஜினின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காய்ந்ததும் குழந்தையின் பவுடரைத் தூவி, பெரம்பூரிலிருந்து மாதவரம் வரை ஒரு சுற்றுப் போய்வந்தேன். பவுடர் நனைந்திருந்தது பெல்ட் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் கூப்பிட்டேன். பேட்டரி ஒயரைக் கழற்றி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தோம். கிராங்க்கின் முனையில் இருக்கிற சக்கரத்தைப் பிடித்திருக்கும் புல்லி போல்ட்தான் உயிரை வாங்கியது. என்ஜின் கூடவே சுற்றாமல் இருக்க அவன் ஐந்தாவது கியரில் போட்டு பிரேக்கை அழுத்திக்கொள்ள, நான் ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி இழுத்தேன். பெல்ட் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று காட்டும் டைமிங் மார்க்குகளை நேராக வைத்துப் போட்டோ எடுத்த பிறகே பெல்ட்டைக் கழற்றினோம்.

உள்ளே பார்த்ததும் இரண்டு பேரும் பேசவில்லை. அதே பழைய சீல். கிராங்க்கைத் தொட்டு நிற்கிற அதன் உள்விளிம்பு, உதடு என்பார்கள், பிளாஸ்டிக் மாதிரி இறுகி, வெடித்திருந்தது. சுற்றிலும் விரலால் அப்பிய சிலிக்கான் பேஸ்ட். கிராங்க் சுழலும்போது உதட்டுக்கும் கிராங்க்குக்கும் நடுவில் கசிகிற ஆயிலை வெளியே அப்பிய பேஸ்ட் என்ன செய்யும்? பெல்ட்டையும் மாற்றவில்லை, துணியால் துடைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கார் சாமான் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் சீலும் பெல்ட்டும் பார்ட் நம்பர் சொல்லி, பில்லோடு வாங்கினேன். சீலுக்கு 300 ரூபாய்கூட ஆகவில்லை. பழையதை நெம்பும்போது கிராங்க்கில் கீறல் விழக்கூடாது. விழுந்தால் எந்தப் புது சீலும் நிற்காது. ஸ்க்ரூடிரைவர் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன். புது சீலின் உதட்டில் கொஞ்சம் என்ஜின் ஆயில் தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் என்ஜினைப் பார்க்க வைத்து, சீல் அளவுக்கே வெட்டிய பி.வி.சி. பைப் துண்டால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினேன். சாய்ந்து உட்கார்ந்தால் மறுபடியும் ஒழுகும். டைமிங் மார்க்கை சரிபார்ப்பதற்கு மட்டும் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். பெல்ட் ஒரு பல் தவறினாலும் டைமிங் போய்விடும், அதில் எனக்கு தைரியம் இல்லை. அவர்தான் என்ஜினுக்குள் சேருகிற காற்று வெளியேறுகிற குழாய், பிரீதர் ஹோஸ், அடைத்திருப்பதையும் காட்டினார். உள்ளே சேருகிற அழுத்தம் வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளுமாம். ஹோஸைச் சுத்தம் செய்தோம்.

அப்புறம் பழைய சீலையும் பெல்ட்டையும் ஒரு கேரி பேக்கில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். "பையன் தெரியாம பண்ணிட்டான் சார்." எந்தப் பையன் என்று கேட்டால் ஊருக்குப் போய்விட்டானாம். ஜிபே-யில் பணம் கட்டிய பதிவைக் காட்டி, 1915-க்கு, அதுதான் நுகர்வோர் உதவி எண், போன் போடுகிறேன் என்றதும் 3,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 1,600 அவர்கள் கழற்றி மாட்டிய கூலியாம். பேஸ்ட் அப்பியதற்கும் துணியால் துடைத்ததற்கும் கூலி!