ஷிபுயா மேட்டில் இரண்டு மணி நேர அறை

அத்தை ஊரிலிருந்து வந்து மூன்று மாதமாகிறது. டோக்கியோவின் நிஷிகசாயில் எங்கள் வீட்டுக்கு ஒரே படுக்கையறை. அதை அவருக்குக் கொடுத்துவிட்டோம். அன்பானவர்தான். ஆனாலும் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும். போன சனிக்கிழமை ஷிபுயாவின் தோகென்சாகா மேட்டில் ஏறி, மருயாமாச்சோ சந்திலுள்ள ஒரு லவ் ஹோட்டலுக்கு, அதாவது ஜோடிகள் தனிமைக்காக மணிக்கணக்கில் அறை எடுக்கும் விடுதிக்கு, போனோம்.

வாசலை மறைத்து ஆளுயரச் சுவர். தெருவில் போகிறவர்களுக்கு நம் முகம் தெரியாது. உள்ளே அறைகளின் படங்கள் பதித்த பலகை. விளக்கு எரிகிற படம் காலி அறை. சிறு துவாரத்தின் வழியே சாவியை நீட்டிய கைகளைத்தான் பார்த்தோம். என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில், ஊரில் ஒரு லாட்ஜில் என் தாலியைப் பார்த்த பிறகுதான் அறை கொடுத்தார்கள். அந்தக் கூச்சம் அன்றுதான் என்னைவிட்டுப் போனது.

சுழலும் கட்டில், கூரையில் கண்ணாடி என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். இருந்தது சாதாரணக் கட்டில். 1985இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், சுழலும் கட்டிலும் பெரிய கண்ணாடியும் உள்ள விடுதிகளைத் தனி வகையாக்கிப் போலீஸ் கண்காணிப்பில் வைத்தது. பள்ளி, நூலகத்துக்கு 200 மீட்டருக்குள் புதிதாகத் திறக்கவும் முடியாது. அந்த வகையில் சிக்காமலிருக்கப் பலர் அவற்றைக் கழற்றிவிட்டு, வரவேற்பு மேசை போட்டுச் சாதாரண ஹோட்டலாகப் பதிவு செய்தார்கள். புது இடம் கிடைப்பது அரிதானதால், பழைய விடுதிகள் இந்த மேட்டிலேயே தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

குளியல் தொட்டி அருமை. வீட்டுத் தொட்டியில் ஒருவர் முழங்காலை மடக்கித்தான் உட்கார முடியும். இதில் இருவரும் கால் நீட்டினோம். குறை, ஜன்னல்தான். உள்பக்கம் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். பழைய சிகரெட் வாடை போகவே இல்லை. மறைப்பதற்காகக் காற்றையும் அடைக்க வேண்டுமா?

இன்னொன்று மனத்தை அறுக்கிறது. என் அலுவலகத் தோழிக்கும் அவள் துணைவிக்கும் இதே மேட்டில் வேறொரு விடுதி அறை மறுத்திருக்கிறது. பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2018இல் சுகாதார அமைச்சகம் விடுதிகளுக்கான வழிகாட்டுதலைத் திருத்திய பிறகு நடந்தது இது. முகமே பார்க்காத துவாரத்துக்குப் பின்னாலிருந்து எப்படித்தான் மறுக்க மனம் வந்ததோ!

எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு 5,500 யென் ஆனது. வார நாள் பகலில் விலை குறைவு என்று பலகையில் போட்டிருந்தார்கள். அடுத்த முறை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போவோம். ஜன்னல் திறக்கிற அறை இருக்கிறதா என்று முதலில் கேட்பேன்.